அகமது கமால் பாஷா

எகிப்து நாட்டு மம்மிகளைப் பற்றி எழுதப் புகுந்தோர் பிரெஞ்சு, ஜெர்மானிய, ஆங்கில அறிஞர்தம் பெயர்களையே அடுக்கிச் செல்வதை நாம் காண்கிறோம். அம்மண்ணிலேயே பிறந்து, அரசர்தம் உடல்களை மலைக்குழியினின்று அருங்காட்சியகத்தில் சேர்க்கத் துணைநின்ற அகமது கமால், அந்நூல்களில் ஓரிரு வரிகளுக்குள் அடங்கிவிடுகிறார்.

1851இல் பிறந்த அவர், ஜெர்மானிய அறிஞர் ஹைன்ரிச் புருக்ஷ் கெய்ரோவில் நடத்திய பள்ளியில் எகிப்தின் தொன்மொழியைக் கற்றார். அக்காலத்தில் தொல்பொருள் துறை மரியத் என்னும் பிரெஞ்சுக்காரரின் கையில் இருந்தது. கற்றுத் தேர்ந்த எகிப்தியர் துறைக்குள் நுழைவதை அவர் விரும்பவில்லை. பள்ளியும் சில ஆண்டுகளில் மூடப்பட்டது. கற்ற கல்விக்கேற்ற பணியின்றி மொழிபெயர்ப்பாளராகக் காலங்கழித்த கமாலுக்கு, 1881 சனவரியில் மரியத் மறைந்த பின்னரே அருங்காட்சியகத்தில் இடம் கிடைத்தது.

அவ்வாண்டு சூலையில் அவருக்கு வாய்த்த பணி எளியதன்று. லக்சரை அடுத்த தேர் எல் பகரியில், குர்னா ஊரின் அப்துர் ரசூல் குடும்பத்தார் மறைத்துவைத்துச் சிறுகச் சிறுக விற்றுவந்த புதையற்குழி வெளிப்பட்டது. துறைத் தலைவர் மாஸ்பெரோ அப்போது பிரான்சில் இருந்தார். எனவே எமில் புருக்ஷுடன் (இவர் கமாலின் ஆசிரியருக்குத் தம்பி) கமாலும் அங்கே விரைந்தார். ஆழ்ந்த குழிக்குள் மூன்றாம் துத்மோசு, முதலாம் சேத்தி, இரண்டாம் ராம்சேசு முதலிய மாமன்னர்கள் பேழைகளில் கிடந்தனர். கொள்ளைக்கு அஞ்சி இரண்டே நாளில் அனைத்தையும் மேலேற்றினர். எது எங்கே கிடந்தது என்பதற்கு வரைபடமும் இல்லை, ஒளிப்படமும் இல்லை. உடல்கள் பிழைத்தன, எந்தப் பேழை எப்போது உள்ளே வைக்கப்பட்டது என்பதை அறியும் வழி பெரும்பாலும் அடைபட்டது. இவ்விழப்பை நாம் சிறிதாக எண்ணுவதற்கில்லை.

நைல் வழியே கப்பல் சென்றபோது கரையோரப் பெண்டிர் தலைவிரித்து, இழவு வீட்டிற்போல் ஒப்பாரி வைத்தனர் என்பர். அவ்வரசர்களுள் பலர் 2021 ஏப்ரல் 3 அன்று, நைட்ரசன் நிரப்பிய பெட்டிகளில், 22 மம்மிகளின் ஊர்வலமாக ஃபுஸ்தாத்திலுள்ள புதிய அருங்காட்சியகம் புகுந்தனர்.

கமால் அருங்காட்சியகப் பொருள்களுக்குப் பிரெஞ்சில் விளக்கப் பட்டியல்கள் வெளியிட்டார். தம் மக்கள் படிக்க அரபியிலும் எழுதினார். 1914இல் ஓய்வு பெற்றார். அவரையன்றி எகிப்தியர் எவரும் தொல்லியலில் நாட்டம் காட்டவில்லையே என்று துறைத் தலைவர் லக்கோ குறைகூறியபோது, அறுபத்தைந்து ஆண்டுகளாகத் துறையை நடத்தும் பிரெஞ்சுக்காரர் எங்களுக்கு அளித்த வாய்ப்புத்தான் என்ன என்று திருப்பிக் கேட்டார்.

தொன்மொழிச் சொற்களை அரபியோடு ஒப்பிடும் பேரகராதி ஒன்றையும் அவர் தொகுத்தார். அவ்வொப்பீடுகளுட் சில மிகையே என்பதை நாம் மறுக்கவில்லை. உழைப்பின் பெருமை அதனால் குறைவதில்லை. 1923இல் அவர் மறைந்தபோது அதன் 22 தொகுதிகளும் அச்சேறாமல் கையெழுத்துப் படிகளாகவே இருந்தன.