மழையைச் சூரியனில் தேடியவர்: யார் இந்த நார்மன் லாக்யர்?

1871 டிசம்பர் 12. வெயில் ஏற வேண்டிய காலை நேரத்தில் இலுப்பூர், புதுக்கோட்டைப் பக்கமெல்லாம் சுமார் 2 நிமிடம் இருட்டிப்போனது. முழு சூரிய கிரகணம்! அதை ஆராய பிரிட்டனிலிருந்து வந்த குழு, நிழல் கடந்துபோகும் பாதையில் பல ஊர்களில் பிரிந்து நின்றது. புதுக்கோட்டையில் இத்தாலிய விஞ்ஞானி ரெஸ்பிகி. இன்றைய கேரளத்தின் பேக்கல் கோட்டையில் குழுத் தலைவர் நார்மன் லாக்யர்.

யார் இவர்?

1836-ல் இங்கிலாந்தின் ரக்பியில் பிறந்தவர். ராணுவ அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. ஆபீஸ் போக மிச்ச நேரமெல்லாம் டெலஸ்கோப்தான். 1868-ல் சூரிய ஒளியில் தெரிந்த ஒரு மஞ்சள் கோடு, பூமியில் அதுவரை காணாத தனிமத்துடையது என்றார். அதுதான் ஹீலியம். பூமியில் அது கிடைக்க 1895 ஆனது. 1869-ல் 'நேச்சர்' இதழைத் தொடங்கி 50 வருடம் நடத்தியவரும் இவரே.

பஞ்சமும் புள்ளிகளும்

சூரியப் புள்ளிகள் சுமார் 11 வருடத்துக்கு ஒருமுறை கூடிக் குறையும். கிரகணப் பயணத்தில் இலங்கை வந்தபோது, அங்கே மழையும் ஒரு சுற்றில்தான் கூடிக் குறைகிறது என்ற பேச்சு அவர் காதில் விழுந்தது. ரெண்டுக்கும் தொடர்பு இருக்குமோ என்று தேட ஆரம்பித்தார்.

1876-78-ல் தாது வருஷப் பஞ்சம். சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் செத்தார்கள். புள்ளிகள் குறையும் காலத்தில் மழையும் குறைந்து பஞ்சம் வரும் என்று 1877-ல் லாக்யரும் பிரிட்டிஷ் அதிகாரி ஹன்ட்டரும் சேர்ந்து எழுதினார்கள். அது உண்மையென்றால் முன்கூட்டியே தானியம் சேர்த்து உயிர்களைக் காப்பாற்றலாம். ஆனா மொத்தப் பழியும் சூரியன் மேல் போய்விடும் ஆபத்தும் இருந்தது. மழை பொய்த்தது இயற்கை. ஜனங்கள் பட்டினி கிடக்கும்போது தானியம் கப்பல் ஏறியது ஆட்சியின் முடிவு.

1878 முதல் டேராடூனில் தினமும் சூரியனைப் படம் எடுத்தார்கள். 1899-ல் கொடைக்கானல் ஆய்வகம் வந்ததற்கும் இந்தப் பஞ்சம் ஒரு காரணம்.

கணக்கு உதைத்தது

1904-ல் இந்திய வானிலைத் துறைக்குத் தலைமையேற்ற கில்பர்ட் வாக்கர், வருடக்கணக்கில் புள்ளிவிவரங்களைச் சலித்தார். புள்ளிகளை வைத்துப் பருவமழையைக் கணிக்கும் அளவுக்குத் தொடர்பு இல்லை.

ஆனா லாக்யரின் தேடல் வீண்போகவில்லை. இந்தியப் பக்கம் காற்றழுத்தம் ஏறினால் தென் அமெரிக்காவில் இறங்குகிறது, சீசா பலகை மாதிரி. இதை லாக்யரும் மகன் வில்லியமும் கவனித்திருந்தார்கள். வாக்கர் அதை விரிவாக ஆராய்ந்து 'தெற்கு அலைவு' என்றார். எல் நினோவின் இன்னொரு பாதி இதுதான். தாது வருஷ வறட்சிக்குப் பின்னாலும் வலுவான எல் நினோ இருந்தது என்கின்றன இன்றைய ஆய்வுகள்.

இப்போ இது ஏன் முக்கியம்?

பூமி சூடாவதற்குச் சூரியன்தான் காரணம் என்று வாட்ஸ்அப்பில் வந்தால், இதை நினைவில் வையுங்கள்: 11 வருடச் சுற்றில் சூரிய ஆற்றல் மாறுவது சுமார் 0.1% மட்டுமே. 1980-களுக்குப் பிறகு அது கூடும் போக்கிலும் இல்லை. ஆனா வெப்பநிலை ஏறிக்கொண்டே போகிறது. முக்கியக் காரணம் நாம் வெளியிடும் கரியமில வாயு.

லாக்யர் 1920-ல் இறந்தார். கொடைக்கானலில் இன்றும் சூரியனைப் படம் எடுக்கிறார்கள். 100 வருடத்தைத் தாண்டிய அந்தப் பதிவுகள், சூரியன் எப்படி மாறி வந்திருக்கிறது என்று பார்க்க ஆய்வாளர்களுக்கு இப்போதும் உதவுகின்றன.