அணையை உடைத்த விமானி!

1943-ம் ஆண்டு மே மாதம் 16-ந்தேதி இரவு. இங்கிலாந்தில் உள்ள ஸ்காம்ப்டன் விமான தளத்தில் இருந்து 19 விமானங்கள் கிளம்பின. ஒவ்வொரு விமானத்தின் வயிற்றிலும் ஒரே ஒரு குண்டு. அதன் எடை 4 டன்னுக்கு மேல். பார்ப்பதற்குத் தார் பீப்பாய் போல இருக்கும்!

விமானங்களில் சென்றவர்கள் மொத்தம் 133 பேர். ஜெர்மனியில் உள்ள பெரிய அணைக்கட்டுகளை உடைக்கவேண்டும். அதுதான் அவர்களுக்கு இடப்பட்ட கட்டளை.

அவர்களுக்குத் தலைவர், கய் கிப்சன். வயது 24!

சிம்லாவில் பிறந்தவர்

கிப்சன் பிறந்தது நம் நாட்டில்தான். 1918-ம் ஆண்டு ஆகஸ்டு 12-ந்தேதி சிம்லாவில் பிறந்தார். தகப்பனார் காட்டு இலாகாவில் அதிகாரி. 6 வயதில் தாயுடன் இங்கிலாந்துக்குப் போய்விட்டார். பிறகு விடுதிப் பள்ளிக்கூடங்களில்தான் வளர்ந்தார்.

சிறு வயது முதலே விமானம் ஓட்டவேண்டும் என்று ஆசை. ஆனால், விமானப்படையில் சேர மனுப்போட்டபோது முதலில் தள்ளிவிட்டார்கள். காரணம், கால் குட்டை! ஆள் கொஞ்சம் உயரம் குறைவு. கிப்சன் விடவில்லை. மறுபடியும் மனுப்போட்டார். 1936-ல் இடம் கிடைத்தது.

1939 செப்டம்பர் 3-ந்தேதி இங்கிலாந்து யுத்தப் பிரகடனம் செய்தது. அன்றைக்கே கிப்சன் விமானத்தில் ஏறினார். அதன் பிறகு ஓய்வு என்பதே கிடையாது. 1940-ல் ஈவ் மூர் என்ற நடிகையை மணந்தார். ஆனால், வீட்டில் இருந்த நாட்களைவிட விமான தளத்தில் இருந்த நாட்களே அதிகம்.

அவர் எல்லோருக்கும் இனியவர் என்று சொல்லமுடியாது. கண்டிப்பு அதிகம். கீழ்நிலைச் சிப்பாய்களிடம் சுள்ளென்று விழுவார். "பொடிச் சக்கரவர்த்தி" என்று அவருக்கு முதுகுக்குப் பின்னால் பட்டப்பெயர்!

ஒரு விமானம், ஏழு பேர்

அந்தக் காலத்தில் லங்காஸ்டர் என்ற குண்டு விமானத்தில் ஏழு பேர் போவார்கள். ஏழு பேருக்கும் ஏழு வேலை.

ஓட்டுபவர் கிப்சன். அவர் பக்கத்தில் என்ஜினைக் கவனிப்பவர் புல்போர்டு. வழி கணக்குப் போட்டுச் சொல்பவர் டேரம். கனடா நாட்டு வாலிபர். ரேடியோவுக்கு ஹட்சிசன். குறிபார்த்துக் குண்டைப் போடுபவர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஸ்பாபோர்டு. முன்பக்கத்து இயந்திரத் துப்பாக்கியில் டியரிங். வாலில் டிரெவர் ரோப்பர்.

வாலில் உட்காருகிறவர் பாடுதான் பெரும்பாடு. ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் தன்னந்தனியாகப் பல மணி நேரம் இருக்கவேண்டும். குளிர் எலும்பைக் குடையும். மின்சாரத்தால் சூடேறும் உடுப்பு கொடுத்திருந்தார்கள்.

ஏழு பேரும் சேர்ந்து சாப்பிடுவார்கள், சேர்ந்து சிரிப்பார்கள். காலையில் பக்கத்து மேஜை காலியாக இருந்தால், அதைப்பற்றி அதிகம் பேசமாட்டார்கள். 30 தடவை போய்விட்டு வந்தால் கொஞ்ச நாள் ஓய்வு. ஆனால், 30 தடவை போய்வருவது யாருக்கு நிச்சயம்? பிரிட்டிஷ் குண்டு விமானப் படையில் இருந்தவர்கள் ஏறக்குறைய 1¼ லட்சம் பேர். அவர்களில் 55,573 பேர் மடிந்தார்கள்.

தத்திப் பாயும் குண்டு

குளத்தில் ஓட்டாஞ்சில்லைச் சாய்வாக வீசினால் என்ன ஆகும்? தண்ணீரின் மேல் தத்தித் தத்திப் போகும் அல்லவா? பார்ன்ஸ் வாலிஸ் என்ற என்ஜினீயர் அந்த விளையாட்டைத்தான் யுத்தத்துக்குக் கொண்டுவந்தார்.

ஜெர்மன் தொழிற்சாலைகளுக்குத் தண்ணீர் கொடுத்தது மோனே அணை. அதன் சுவர் அடியில் 34 மீட்டர் கனம். சாதாரணக் குண்டு அதை அசைக்காது. தண்ணீருக்குள் வெடிகுண்டை அனுப்பலாம் என்றால், குறுக்கே இரும்பு வலை கட்டியிருந்தார்கள். குண்டு வலையைத் தத்தித் தாண்ட வேண்டும். சுவரில் முட்டி, தண்ணீரில் மூழ்கி, அடியில் வெடிக்க வேண்டும்.

அதற்கு விமானம் தண்ணீருக்கு மேலே வெறும் 60 அடி உயரத்தில் பறக்கவேண்டும். அதுவும் ராத்திரியில்! கொஞ்சம் தாழ்ந்தால் ஏரிக்குள் சமாதி.

உயரத்தை எப்படி அறிவது? விமானத்தின் அடியில் இரண்டு விளக்குகளைச் சாய்வாகப் பொருத்தினார்கள். இரண்டு வெளிச்சமும் தண்ணீரில் ஒட்டி நின்றால், உயரம் சரியாக 60 அடி. கிப்சனின் விமானத்தில் அதைப் பார்த்துச் சொல்லும் வேலை டேரமுடையது.

ஏழு வாரம் பயிற்சி நடந்தது. எங்கே போகப்போகிறோம் என்பது பெரும்பாலோருக்குக் கடைசி நாளில்தான் தெரியும்!

முந்தின நாள் மாலை, கிப்சனின் செல்ல நாய் கார் மோதிச் செத்துப்போனது. அதை மறுநாள் நள்ளிரவில் புதைக்கும்படி தளத்தில் ஒருவரிடம் சொல்லிவிட்டுத்தான் கிப்சன் புறப்பட்டார். மோனே அணை உடைந்தால் ரேடியோவில் அனுப்ப வேண்டிய ரகசியச் சொல், அந்த நாயின் பெயர்தான்!

நிலா வெளிச்சத்தில்

முதலில் கிப்சனே பாய்ந்தார். கரையில் இருந்து பீரங்கிகள் சுட்டன. குண்டு தத்திச் சென்று வெடித்தது. தண்ணீர் மலைபோல எழுந்தது. அணை அசையவில்லை.

அடுத்து ஹாப்குட். 21 வயது வாலிபர். அவர் விமானத்தில் தீப்பற்றியது. தம் ஆட்கள் குதிக்கட்டும் என்று விமானத்தை உயரே தூக்கினார். இரண்டு பேர் பிழைத்தார்கள். ஹாப்குட் பிழைக்கவில்லை.

இதைப் பார்த்த கிப்சன் என்ன செய்தார் தெரியுமா? குண்டு போட்டாகிவிட்டது, அவர் வேலை முடிந்தது. தூர விலகி நின்றிருக்கலாம். ஆனால், மூன்றாவது விமானம் பாய்ந்தபோது, அதன் பக்கத்திலேயே தாமும் பறந்தார். பீரங்கிகள் தம்மைச் சுடட்டும் என்று! நான்காவதற்கும் எதிரியின் கவனத்தைத் தம் பக்கம் இழுத்தார். ஐந்தாவது குண்டுக்கு அணை பிளந்தது. பின்னர் ஏடர் அணையும் உடைந்தது.

விடிந்தபோது திரும்பி வந்தவை 11 விமானங்களே. 53 பேர் செத்தார்கள். 3 பேர் கைதியானார்கள். அதைக் கேட்டு என்ஜினீயர் வாலிஸ் அழுதார்.

அழிந்தது பட்டாளம் மட்டும் அல்ல. பள்ளத்தாக்கில் தூங்கிக் கொண்டிருந்த சுமார் 1,300 பேரை வெள்ளம் கொண்டுபோனது. அவர்களில் பாதிக்கு மேல் வெளிநாட்டவர். ரஷியப் பகுதிகளில் இருந்து பலவந்தமாக வேலைக்குப் பிடித்து வரப்பட்ட பெண்கள் ஏராளம். அணையையோ ஜெர்மானியர்கள் சில மாதங்களில் மறுபடி கட்டிவிட்டார்கள்!

கல்கரியில் ஒரு தாய்

கிப்சனுக்கு விக்டோரியா சிலுவை கிடைத்தது. அவரைப் பிரசாரத்துக்காகக் கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்பினார்கள். போன இடமெல்லாம் கூட்டம், மாலை மரியாதை.

1943 செப்டம்பரில் கனடாவின் கல்கரி நகரில் டேரமின் தாயாரைச் சந்தித்தார். மகனோடு ஒரே விமானத்தில் பறந்தவர் நேரில் வந்திருக்கிறார்! அந்தத் தாயின் சந்தோஷத்துக்குக் கேட்கவேண்டுமா?

சில நாட்கள்தான் சென்றன. ஜெர்மனியில் ஒரு கால்வாயைத் தாக்கப் போன விமானம் விழுந்தது. டேரம், ஸ்பாபோர்டு, ஹட்சிசன், டியரிங் நால்வரும் அதில் இருந்தார்கள். ஒருவரும் மிஞ்சவில்லை.

1944 பிப்ரவரியில் புல்போர்டின் விமானம் மூடுபனியில் மோதியது. மார்ச் மாதம் நியூரம்பர்க் தாக்குதலில் டிரெவர் ரோப்பர் போனார். ஏழு பேரில் மிச்சம் கிப்சன் ஒருவரே.

கடைசிப் பயணம்

மேலிடம் அவருக்கு ஆபீஸ் வேலை கொடுத்தது. அரசியலில் இழுக்கவும் பார்த்தார்கள். பார்லிமெண்டு தேர்தலுக்கு வேட்பாளராகக்கூடத் தேர்ந்தெடுத்தார்கள். கிப்சன் பிறகு விலகிக் கொண்டார். ஒரு புத்தகம் எழுதினார். மனம் எதிலும் ஒட்டவில்லை. 170 தடவைக்கு மேல் போய்வந்தவர், இன்னும் போகவேண்டும் என்று மேலதிகாரிகளை நச்சரித்தார்.

1944 செப்டம்பர் 19-ந்தேதி அனுமதி கிடைத்தது. மஸ்கிட்டோ என்ற சிறிய விமானம். அதில் இரண்டே பேர். உடன் சென்றவர் வழிகாட்டி வார்விக்.

ஜெர்மனியில் வேலையை முடித்துத் திரும்பும் வழியில், ஹாலந்து நாட்டில் ஸ்டீன்பெர்கன் என்ற ஊருக்கு அருகே விமானம் விழுந்து எரிந்தது. கிப்சனுக்கு அப்போது வயது 26.

அந்த ஊர் அப்போது ஜெர்மானியர் வசம் இருந்தது. இருந்தாலும் ஊர்மக்கள் இருவரையும் தங்கள் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். கிப்சனின் புத்தகம் 1946-ல் வெளிவந்தது. ஸ்டீன்பெர்கனில் ஒரு தெருவுக்குக் கிப்சன் பெயரும், இன்னொரு தெருவுக்கு வார்விக் பெயரும் வைத்திருக்கிறார்கள்.