சிந்தாமணியைத் தேடிச் சென்ற ஐயர்

மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1855ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 19ஆம் நாள் பிறந்தார். உத்தமதானபுரம் அவரது சொந்த ஊராயினும், தமிழ்ப் பசி அவருள் மூண்டது அரியலூர், பெரம்பலூர்ப் பகுதிகளிலேயாம். தந்தையார் வேங்கடசுப்பையர், உடையார்பாளையம் சமஸ்தான வித்துவான் கனம் கிருஷ்ணையரிடம் இசை பயின்றவர். அரியலூர் ஜமீன் ஆதரவை நம்பிக் குடும்பம் அங்கே குடியேறியது. ஆதரவு குன்றியதும் ஊர் ஊராகப் பெயர்ந்தது. ஆயினும் சென்ற ஊரிலெல்லாம் மகனுக்கு ஓர் ஆசிரியரைத் தேடுவதைத் தந்தை விட்டாரில்லை. அரியலூரில் சடகோபையங்காரும் குன்னத்தில் சிதம்பரம் பிள்ளையும் பாடஞ் சொன்னார்கள். செங்கணம் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பருங்கலக்காரிகை கேட்டார். காரிகை செய்த அமிதசாகரர் சமண முனிவர் என்பதை நம்மவர் அறிவர். சமணரோடு பழகும் முன்னரே, செய்யுளின் இலக்கணத்தை அச்சிறுவர் ஒரு சமணரின் நூலால் கற்றார் என்பது எண்ணி மகிழத்தக்கது.

பின்னர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் 1871 முதல் பயின்று, 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள் முன்சீபு சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார். அந்தாதிகளும் பிள்ளைத்தமிழ்களும் புராணங்களுமாகத் தாம் கற்றவற்றை அடுக்கினார். முதலியாரோ சீவகசிந்தாமணியைப் படித்ததுண்டா என வினவினார். ஐயர் படித்ததில்லை. இருபத்தைந்து வயதில் கல்லூரி ஆசிரியப் பதவியிலிருந்த ஒருவருக்கு, அதனை ஒப்புக்கொள்வது எளிதன்று.

முதலியார் தந்த பிரதியைப் படிக்கத் தொடங்கியபோது, நச்சினார்க்கினியர் உரையிருந்தும் சமண சமயச் செய்திகள் விளங்கவில்லை. தெரிந்தவர்போல் ஊகித்துப் பொருள் எழுதிவிட ஐயரின் மனம் ஒப்பவில்லை. கும்பகோணத்துச் சமண அன்பர் சந்திரநாத செட்டியாரின் இல்லத்தை நாடினார். அங்கே சிந்தாமணி ஏட்டில் உறங்கும் காவியமாக இருக்கவில்லை. பக்தியோடு பாராயணம் செய்யப்பட்டு, நிறைவு நாளில் விழாவும் எடுக்கப்பெற்றது. சைவராகிய ஐயர் சமணரிடையே மாணவராக அமர்ந்து ஐயங்களைக் கேட்டுத் தெளிந்தார். உரையாசிரியர் நச்சினார்க்கினியரும் சமணர்களோடு பழகி அவர்தம் மரபை அறிந்த பின்னரே தம் உரையைத் திருத்தினார் என்றொரு வழக்குண்டு. ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளியில் இருவரும் ஒரே வாயிலைத் தட்டியிருக்கிறார்கள்.

சைவ மடத்தின் நிழலில் வளர்ந்தவர் சமண நூலைப் பதிப்பிப்பதா என்று முணுமுணுத்தவர்கள் இருந்தனர். தம் சமயத்தில் பற்றுக் குறையாதவர் ஐயர். திருநீறு அணிந்த நெற்றியோடேதான் சிந்தாமணி ஏடுகளை ஒப்புநோக்கினார். ஒன்றுக்கொன்று மாறுபட்ட பாடங்கள், பொருள் முடை, கல்லூரி வேலை ஆகியவற்றுக்கிடையே, பதின்மூன்று இலம்பகங்களும் உரையுடன் 1887இல் அச்சேறின. திருத்தக்கதேவரின் காவியம் முழுமையாக எல்லார் கைக்கும் எட்டியது அதன் பின்னரே.

அப்பணி வேறொரு வாயிலையும் திறந்தது. உரையில் வந்த மேற்கோள்கள் பல எந்நூலுக்கு உரியவை என விளங்காமல் தேடப் புகுந்த ஐயர், சங்க நூல்களின் ஏடுகளைக் கண்டார். 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை என நூல்கள் தொடர்ந்தன. முதுமையில் ஆனந்த விகடனில் தம் வரலாற்றை எழுதி வந்தார். அது முற்றுப்பெறுமுன், 1942 ஏப்ரல் 28ஆம் நாள், போர்க்கால அச்சத்தால் சென்னையை விட்டுச் சென்று தங்கியிருந்த திருக்கழுக்குன்றத்தில் காலமானார்.