கரும்பை ஆராய்ந்த ஜானகி அம்மாள்



பொங்கலன்று கரும்பைக் கடித்துச் சுவைக்கிறோம். அந்தக் கரும்புக்குள் கண்ணுக்குத் தெரியாத நூலிழைகள் இருக்கின்றன, தெரியுமா? அவற்றுக்குக் 'குரோமோசோம்' என்று பெயர். ஒரு செடி எவ்வளவு உயரம் வளரும், எப்படிப் பூக்கும் என்ற குறிப்பெல்லாம் அவற்றில்தான் அடங்கியிருக்கும். அவற்றை எண்ணிப் பார்ப்பதிலேயே வாழ்நாளைக் கழித்தவர் ஜானகி அம்மாள்.

இவர் 1897 நவம்பர் 4 அன்று கேரளத்தின் தலச்சேரியில் பிறந்தார். தந்தை கிருஷ்ணன் ஒரு நீதிபதி. வீடு நிறையக் குழந்தைகள். அந்தக் காலத்தில் பெண்களுக்குச் சிறு வயதிலேயே திருமணம் செய்துவிடுவார்கள். ஜானகியோ படிப்பையே தேர்ந்தெடுத்தார். சென்னை வந்து ராணி மேரி கல்லூரியிலும், பிறகு மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். சிறிது காலம் கல்லூரி ஆசிரியை. பிறகு உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் சென்று, 1931-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

1934-ல் கோவை கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். தடித்த, இனிப்பான கரும்பு நோயைத் தாங்காது. காட்டில் நாணல் போல் வளரும் கரும்பு எதையும் தாங்கும். ஆனால் அதில் இனிப்பு இல்லை. இரண்டையும் கலந்து நல்ல கரும்பை உருவாக்கும் பணி அங்கே டி.எஸ். வெங்கட்ராமன் தலைமையில் நடந்து வந்தது. எந்த இனம் எதனுடன் சேரும் என்பதை ஜானகி குரோமோசோம்களைக் கொண்டு ஆராய்ந்தார். கரும்பை மக்காச்சோளத்துடனும், மூங்கிலுடனும்கூடக் கலந்து பார்த்தார்! ஆனால் தனித்து வாழ்ந்த பெண் என்பதால் அவருக்கு இடையூறுகளும் வந்தன. அவர் மனம் தளரவில்லை.

1940 முதல் லண்டனில் ஆராய்ச்சி. இரண்டாம் உலகப்போர் நடந்த நேரம். வானிலிருந்து குண்டுகள் விழுந்தன. அப்போதும் வேலை நிற்கவில்லை. 1945-ல் டார்லிங்டன் என்ற அறிஞருடன் சேர்ந்து, பயிர்களின் குரோமோசோம் எண்ணிக்கையைத் தொகுத்துப் பெரிய நூல் வெளியிட்டார்.

அடுத்து விஸ்லி தோட்டத்தில் பணி. நம் மாநில மலரான செங்காந்தளில் 'கோல்கிசின்' என்ற நச்சுப்பொருள் உண்டு. செடியின் குரோமோசோம்களை அது இரட்டிப்பாக்கும். அந்தப் பொருளை மக்னோலியா செடிகளில் பயன்படுத்திப் பார்த்தார். அவற்றில் வெள்ளைப் பூ பூக்கும் ஒரு வகைக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.

பிரதமர் நேரு அழைக்க, 1951-ல் தாயகம் திரும்பி, இந்தியத் தாவர மதிப்பாய்வுத் துறையைச் சீரமைத்தார். 1977-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அந்தச் சமயத்தில் கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டத் திட்டமிட்டார்கள். அணை வந்தால் அரிய காடு நீரில் மூழ்கிவிடும். புதுப்புதுச் செடிகளை உருவாக்கிய ஜானகி, இயற்கை உருவாக்கிய காட்டைக் காக்க 80 வயதில் குரல் கொடுத்தார். அழிந்துபோன ஒரு மரத்தை எந்த ஆய்வுக்கூடமும் திருப்பித் தராது என்பது அவருக்குத் தெரியும் அல்லவா?

1984 பிப்ரவரி 7 அன்று அவர் மறைந்தார். அதே ஆண்டு நவம்பரில் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதைக் காண அவர் இல்லை, காடு இருக்கிறது.

குழந்தைகளே, அடுத்த முறை கரும்பு கடிக்கும்போது ஜானகி அம்மாளையும் நினைத்துக்கொள்ளுங்கள்!