நெல்லிக்கனி ஈந்த நெடுமான் அஞ்சி

பிறந்த உயிர் இறக்கும் என்பது நான் பயிலும் விலங்கியல் பாடம். ஆயினும் சாவை வெல்லப் புறப்பட்ட வீரர்கள் பழங்காப்பியங்களில் உண்டு. மெசபடோமியாவின் கில்கமெஷ், நீரடியில் தேடிப் பறித்த இளமைச் செடியைப் பாம்பிடம் இழந்தான். நம் அதியமான் நெடுமான் அஞ்சியோ, கைக்கு வந்த கனியைத் தானே கொடுத்துவிட்டான்.

இன்றைய தருமபுரியாகிய தகடூரை ஆண்டவன் அவன். கடையெழு வள்ளல்களுள் ஒருவன். மலைப்பிளவில் அரிதிற் கிடைத்த, வாழ்நாளை நீட்டிக்கும் நெல்லிக்கனியை, அதன் பயனைச் சொல்லாமலே ஔவையாருக்கு அளித்தான் எனப் புறநானூற்றால் அறிகிறோம். அவனுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்றவரும் அவரே. சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை முற்றுகையிட்டபோது அதியமான் போரில் வீழ்ந்தான். ஔவையார் அழுது பாடினார். அவன் நடுகல்லானான்.

1981-இல் திருக்கோவிலூர் அருகே ஜம்பையில் பழந்தமிழ்க் கல்வெட்டு ஒன்று கண்டறியப்பட்டது. அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த உறைவிடம் என்பதே அதன் செய்தி. அவன் பெயரைக் காத்ததும் ஒரு கொடைதான்.

சங்கரன்கோவிலில் விசைத்தறியில் இரவு வேலை பார்க்கும் என் தந்தை கையெழுத்து மட்டுமே அறிந்தவர். தம் உறக்கத்தை என் படிப்பாக்கிய அவர், அதை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அஞ்சியைப் படித்தபின்தான் எனக்கு அது விளங்கிற்று. இம்மலர் வெளிவந்ததும் அவருக்கு இதைப் படித்துக் காட்டுவேன்.