மறதியை அளந்த மனிதர்

நீளத்தை அளக்க வெர்னியர் இருக்கிறது, கரண்டை அளக்க அம்மீட்டர் இருக்கிறது. மறதியை அளக்க என்ன இருக்கிறது? எதுவுமே இல்லாத காலத்தில், தன் தலையையே லேப் ஆக்கிக்கொண்டு மறதியை அளந்தவர் ஹெர்மன் எபிங்ஹாஸ். மனோதத்துவம் படிக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பெயர். நம் டிப்ளமோ சிலபஸில் வராது. ஆனாலும் அவர் கதை நம்ம கதைதான் என்று எனக்குப் படுகிறது.

1850 ஜனவரி 24-ல் ஜெர்மனியில் பார்மன் என்ற ஊரில் பிறந்தார். அப்பா வசதியான வியாபாரி. (அந்த விஷயத்தில் மட்டும் நமக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை!) 17 வயதில் பான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1870-ல் பிரான்சோடு போர் வந்ததும் படிப்பை நிறுத்திவிட்டுப் பட்டாளத்துக்குப் போனார். திரும்பி வந்து 1873-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். பட்டம் வாங்கியும் உடனே பெரிய வேலை எதுவும் கிடைத்துவிடவில்லை. இங்கிலாந்திலும் பிரான்சிலும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக் காலம் தள்ளினார். அந்த நாட்களில்தான் பழைய புத்தகக் கடை ஒன்றில் ஃபெக்னர் எழுதிய புத்தகம் அவர் கையில் கிடைத்தது என்பார்கள். எடை, வெளிச்சம் போன்றவற்றை மனிதன் உணர்வதைக்கூட எண்ணில் சொல்லலாம் என்று காட்டிய புத்தகம் அது. அப்படியானால் ஞாபகத்தையும் ஏன் அளக்கக்கூடாது என்று எபிங்ஹாஸ் யோசித்தார்.

அளப்பதில் ஒரு சிக்கல் இருந்தது. தெரிந்த வார்த்தைகளை மனப்பாடம் செய்தால் ஒன்று சுலபமாக ஒட்டும், இன்னொன்று ஒட்டாது. எனவே அர்த்தமே இல்லாத ஒலிகளை அவரே உண்டாக்கினார். 'பூக்', 'ஸெட்' மாதிரி சுமார் 2,300 அசைகள். அவற்றைக் கலந்து, 13 அசைகளை ஒரு வரிசையாக எடுத்து, நிமிடத்துக்கு 150 என்ற ஒரே வேகத்தில் வாசிப்பார். தப்பில்லாமல் இரண்டு முறை சொல்லும்வரை விடமாட்டார். 1879-80-ல் ஒரு தடவை, 1883-84-ல் மறுபடி ஒரு தடவை. உதவிக்கு ஆள் கிடையாது, சோதனைக்கு உட்பட்டவரும் அவர் ஒருவரே. நம் லேப் ரெக்கார்டில் பத்து ரீடிங் எடுப்பதற்குள் நமக்கு அலுத்துப் போகிறது!

கொஞ்ச நேரம் கழித்து அதே வரிசையைத் திரும்பப் படிப்பார். முதல் தடவையைவிட எவ்வளவு நேரம் மிச்சமாகிறதோ, அவ்வளவுதான் மண்டையில் தங்கியிருக்கிறது என்று கணக்கு. 20 நிமிடத்தில் 58 சதவீதம் மிச்சமானது. ஒரு மணி நேரத்தில் 44. ஒரு நாளில் 34. ஆனால் 31 நாள் கழித்தும் 21 இருந்தது. கிராஃப் போட்டுப் பாருங்கள், முதலில் கிணற்றில் கல் விழுந்த மாதிரி இறங்கும். அப்புறம் கிட்டத்தட்ட படுத்துவிடும்.

இந்த எண்களைப் படித்தபோது எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். இந்தப் பரம்பரைக்கெல்லாம் படிப்பு மண்டையில் ஏறாது என்று என் காதுபடவே சொன்னவர்கள் உண்டு. ஜெர்மன் அறிஞரின் மண்டையே ஒரே நாளில் மூன்றில் இரண்டு பங்கை விட்டுவிட்டது. இதில் பரம்பரை எங்கே வந்தது?

எபிங்ஹாஸ் இன்னொரு காரியமும் செய்தார். பைரன் எழுதிய 'டான் ஜுவான்' காவியத்தின் பாடல்களை மனப்பாடம் செய்து பார்த்தார். அர்த்தமில்லாத அசைகளுக்கு ஆகும் உழைப்பில் சுமார் பத்தில் ஒரு பங்கே போதுமாக இருந்தது. தமிழ் மீடியத்தில் பத்தாவது முடித்து வந்த நமக்கு முதல் வருடத்தில் இங்கிலீஷ் டெஃபனிஷன்கள் எல்லாமே 'பூக்', 'ஸெட்' தானே? அர்த்தம் புரியாமல் உருப்போட்டால் பத்து மடங்கு கஷ்டம், நாம் மக்கு என்பதால் அல்ல. பாடத்தைத் தமிழில் ஒரு தடவை விளக்கிவிட்டு டெஃபனிஷன் எழுதிப் போடும் லெக்சரர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

அடுத்தது பரீட்சைக் காலத்துக்கு ஆகிற விஷயம். 12 அசைகள் கொண்ட ஒரு வரிசையை ஒரே மூச்சில் 68 தடவை படித்ததால் கிடைத்த பலன், அதையே மூன்று நாளாகப் பிரித்து மொத்தம் 38 தடவை படித்ததிலும் கிடைத்தது.

சரி, மறப்பது எதனால்? பழைய பதிவின் மேல் புதுசு வந்து மூடுகிறது என்றும், பதிவு தானாகவே மங்குகிறது என்றும், துண்டு துண்டாக உதிர்கிறது என்றும் அவர் காலத்தில் பலவிதமாகச் சொன்னார்கள். எபிங்ஹாஸ் எதையும் அடித்துச் சொல்லாமல் அளந்து மட்டும் வைத்தார். பின்னால் 1900-ல் ஜெர்மனியில் முல்லர், பில்செக்கர் என்ற இருவர், ஒன்றைப் படித்தவுடன் வேறொன்றைப் படித்தால் முன்னது கெடுகிறது என்று காட்டினார்கள். 1924-ல் அமெரிக்காவில் ஜென்கின்ஸ், டாலன்பாக் செய்த சோதனையில், படித்துவிட்டுத் தூங்கினால், அதே நேரம் விழித்திருந்ததைவிட மறதி குறைவு என்று தெரிந்தது. ராத்திரி முழுக்க டீ குடித்துக் கண் முழிக்கும் ஹாஸ்டல் நண்பர்கள் கவனிக்கவும்!

1885-ல் அவர் ஞாபகம் பற்றிய புத்தகத்தை வெளியிட்டார், 1886-ல் பெர்லினில் துணைப் பேராசிரியர் ஆனார். ஆனால் 1894-ல் அங்கே பெரிய பதவி வேறொருவருக்குப் போய்விட்டது. எபிங்ஹாஸ் பிரெஸ்லாவ் நகருக்குப் போனார். தொடர்ந்து ஐந்து மணி நேரம் வகுப்பில் உட்காரும் பிள்ளைகள் எப்படிக் களைக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க, கோடிட்ட இடத்தை நிரப்பும் சோதனையை அங்கேதான் செய்தார். 1897-ல் அதைப் பற்றி எழுதினார். நம் ஒரு மார்க் கேள்விகளுக்கு அவரும் ஒரு வகையில் தாத்தா!

22 வருடம் எட்டிக்கூடப் பார்க்காத அந்த 'டான் ஜுவான்' பாடல்களைப் பிறகு ஒரு நாள் திரும்ப எடுத்தார். ஒரு வரிகூட ஞாபகம் இல்லை. ஆனாலும் புதுப் பாடல்களைவிட அவை கொஞ்சம் சீக்கிரமாக மனப்பாடம் ஆயின. 1905-ல் ஹாலே பல்கலைக்கழகத்துக்கு மாறினார். 1909 பிப்ரவரி 26-ல் நிமோனியா காய்ச்சலில் காலமானார். வயது 59. அவருடைய கிராஃபை 2015-ல் ஆம்ஸ்டர்டாமில் ஆராய்ச்சியாளர்கள் அவர் முறையிலேயே திரும்பச் செய்து பார்த்தார்கள். கோடு கிட்டத்தட்ட அதே மாதிரிதான் இறங்கியது.