கராத்தேயைக் கடல் தாண்டிக் கொண்டு போன வாத்தியார்

நம்ம மதுரைப் பக்கம் சிலம்பம் தெரியாதவர் இல்லை. கராத்தேயும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் கராத்தேயை டோக்கியோவுக்குக் கொண்டு போய் நிலைநிறுத்தியவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் என்பது பலருக்குத் தெரியாது. அவர் பெயர் கிச்சின் ஃபுனகோஷி.

நோஞ்சான் பிள்ளை

1868-ல் ஒகினாவா தீவில் ஷூரி என்ற ஊரில் பிறந்தார். குறைமாதக் குழந்தை. ரொம்ப நாள் தாங்காது என்றே வீட்டில் நினைத்தார்கள். ஒகினாவா அப்போது தனி ராஜ்ஜியம். 1879-ல்தான் அது முழுசாக ஜப்பானோடு சேர்க்கப்பட்டது.

அந்தக் காலத்தில் கராத்தேயை ரகசியமாகத்தான் கற்றுக் கொடுப்பார்கள். பள்ளித் தோழனின் அப்பா அசாதோ பெரிய ஆசான். சிறுவன் ராத்திரியில் விளக்கோடு நடந்து போய் அவர் வீட்டு முற்றத்தில் பழகுவான். ஒரே அடிவரிசையை (அதற்குக் கட்டா என்று பெயர்) மாசக் கணக்கில் செய்ய வேண்டும். சரியாக வந்தால்தான் அடுத்தது. நோஞ்சான் உடம்பு தேறிவிட்டது.

1888-ல் உதவி ஆசிரியரானார். அந்த வேலைக்காகக் குடுமியை வெட்டியதால் பெற்றோருக்குக் கோபம். முப்பது வருஷத்துக்கு மேல் பாடம் நடத்தினார்.

53 வயதில் புது ஊர்

1922-ல் டோக்கியோவில் கல்வித்துறை நடத்திய உடற்பயிற்சிக் கண்காட்சியில் கராத்தே செய்து காட்டப் போனார். முடிந்ததும் ஊர் திரும்புவதாகத்தான் இருந்தார். ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ தன் பயிற்சிக் கூடத்துக்கு அழைத்தார். ஓர் ஓவியரும் கற்றுத் தரும்படி கேட்டார். அப்படியே தங்கிவிட்டார்.

பேச்சும் பழக்கமும் வேறு. கையில் காசு இல்லை. ஒகினாவா மாணவர் விடுதியில் ஒரு சின்ன அறை. அதற்காக விடுதியைப் பெருக்கினார், தோட்டம் பார்த்தார், காவலும் காத்தார். சமையல்காரருக்குக் கராத்தே சொல்லிக் கொடுத்துச் சாப்பாட்டுச் செலவைக் குறைத்தார். தொப்பியையும் கைத்தறி உடுப்பையும் அடகு வைத்தார். ஒருநாள் பத்திரிகைக்காரர் ஒருவர், பெருக்கிக்கொண்டிருந்த அவரிடமே கராத்தே ஆசான் எங்கே என்று விசாரித்தார். இவர் உள்ளே போய் உடை மாற்றி வந்து நின்றார். வந்தவர் அசந்து போனார்!

மாற்றியதும் மாற்றாததும்

1923 நிலநடுக்கத்தில் சில மாணவர்களை இழந்தார். ஆனாலும் விடவில்லை. 1924-ல் கெய்ோ பல்கலைக்கழகத்தில் கராத்தே சங்கம் தொடங்கியது. ஜூடோவைப் பார்த்து வெள்ளை உடுப்பும் பெல்ட்டும் கொண்டு வந்தார். கராத்தே என்ற சொல்லைச் சீனக் கை என்ற பொருளில் எழுதி வந்தார்கள். உச்சரிப்பை மாற்றாமல் வெறுங்கை என்று பொருள் வரும்படி எழுத்தை மாற்றினார். இதற்குக் கடும் எதிர்ப்பு வந்தது. ஆனால் முதல் அடி நம்முடையதாக இருக்கக் கூடாது என்ற ஒழுக்கத்தை மட்டும் அவர் மாற்றவே இல்லை. அவருடைய பயிற்சிக் கூடமான ஷோட்டோகானின் பெயரே இன்று அந்தப் பாணியின் பெயர்.

ஊரில் இருந்த அம்மா

அவர் மனைவி டோக்கியோவுக்கு வரவில்லை. முன்னோர் வழிபாட்டை விட முடியாது என்று ஊரிலேயே இருந்தார். துணி நெய்து, காய்கறி பயிரிட்டுக் குடும்பத்தைக் காப்பாற்றியவர் அவர். அலுப்பாக இருந்தால் அவரும் கராத்தே செய்வாராம். இருபது வருஷத்துக்கு மேல் பிரிவு. 1945-ல் குண்டுவீச்சில் ஷோட்டோகான் அழிந்தது. அதே வருஷம் மகன் கிகோவும் நோயில் இறந்தார். போருக்குத் தப்பி வந்த மனைவியோடு சேர்ந்தும் கொஞ்ச காலம்தான். 1947-ல் அந்த அம்மா காலமானார். கராத்தே வளர்ந்த கதையில் பாதி அந்த அம்மாவுடையது என்பது என் கருத்து.

1957-ல் 88 வயதில் ஃபுனகோஷி மறைந்தார். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் கராத்தேயும் ஒரு போட்டி. உடம்பு சரியில்லை, வயசாச்சு, காசில்லை என்று சொல்ல அவருக்கு எல்லாக் காரணமும் இருந்தது. அவர் எதையும் சொல்லவில்லை. விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி